போர் பார்த்த டாங்கி: 28 மி.மீ. மினியேச்சரில் கீறலும் துருவும்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான சின்ன டாங்கி மாடலுக்குப் போர் பார்த்த தோற்றம் கொடுக்கப் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கோ புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கோ போய் வாருங்கள். இரும்பு உடல் கொண்ட விசைப்படகு கண்ணில் பட்டால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தட்டையான பரப்பின் நடுவில் துரு கிளம்புவது அபூர்வம். போல்ட்டின் அடியில், வெல்டிங் ஓரத்தில், கயிறு உரசும் விளிம்பில், தண்ணீர் தேங்கும் மூலையில் பிடித்து நேர் கீழே வழியும். பக்கத்தில் நிற்கும் ஃபைபர் படகில் துரு ஏது? பெயிண்ட் தேய்ந்து வெளுத்திருக்கும், அவ்வளவுதான். டாங்கியிலும் இதே கணக்கு. இரும்புத் தகடு துருப்பிடிக்கும். விமானத்தின் அலுமினியம் வெள்ளியாக மின்னும். ரப்பர் சக்கரத்தில் புழுதி மட்டும் ஏறும்.

அடுத்தது அளவு. 28 மி.மீ. மினியேச்சரில் (ஆள் உருவம் சுமார் 28 மி.மீ. உயரம் இருக்கும் அளவு) 1 மி.மீ. என்பது நிஜத்தில் சுமார் 6 செ.மீ. நகக்கண் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டால் அது கீறல் இல்லை, குண்டு துளைத்த ஓட்டை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் புள்ளிகள்தான் வேண்டும்.

அடிப்படை நிறம் அடித்து முடித்ததும் 24 மணி நேரம் காயவிட்டு, கிளாஸ் (பளபளப்பு) அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் டர்பன்டைன் கீழே உள்ள பெயிண்டில் ஊறிக் கறை போலப் பரவும், துடைத்தாலும் வராது.

கீறலுக்கு ஸ்பாஞ்ச் போதும். எலக்ட்ரானிக் பொருள்களின் பேக்கிங்கில் வரும் கறுப்பு ஸ்பாஞ்சில் கொட்டைப்பாக்கு அளவு துண்டை, கத்தரியால் வெட்டாமல், கையால் பிய்த்து எடுங்கள். வெட்டிய முகம் ஒரே மாதிரி முத்திரை குத்தும். பிய்த்த முகம்தான் ஒழுங்கற்ற புள்ளி தரும். பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) 2 பங்கு, கறுப்பு 1 பங்கு அக்ரிலிக் கலந்து, தண்ணீர் சேர்க்காமல் தொட்டு, பழைய செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி எடுங்கள். தாளில் புள்ளி மங்கத் தொடங்கிய பிறகுதான் டாங்கிக்குப் போக வேண்டும். மூடியின் விளிம்பு, மட்கார்டு மூலை, இழுவைக் கொக்கி, வீரர்கள் கால் வைத்து ஏறும் இடம் ஆகியவற்றில் லேசாகத் தட்டுங்கள். படைவீரனாக இருந்தால் தோள் கவசத்தின் ஓரமும் முழங்காலும். எல்லா விளிம்பிலும் சமமாகத் தட்டினால் போர் பார்த்ததாகத் தெரியாது, அம்மை போட்டதாகத்தான் தெரியும்.

பெரிய புள்ளிகள் நாலைந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் கீழ் ஓரத்தில் அடிப்படை நிறத்தோடு வெள்ளை கலந்த மெல்லிய கோடு இழுங்கள். 00 பிரஷ், பெயிண்டும் தண்ணீரும் 1:1. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பள்ளத்தின் கீழ் உதடுதான் மின்னும். அதனால் கோடு மேலே வந்தால் பள்ளம் மேடாகிவிடும். புதிதாக உரசிய இடத்துக்கு 6பி பென்சிலை விளிம்பில் ஒரு தடவு தடவினால் போதும், உலோகப் பளபளப்பு வந்துவிடும். வெள்ளிப் பெயிண்டைவிட இது நம்பகமானது.

துரு வழிவதற்கு ஆயில் கலர். செம்பழுப்பான பர்ன்ட் சியென்னாவையும் பர்ன்ட் அம்பரையும் அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். இல்லையென்றால் நாள்கணக்கில் காயாது, பளபளப்பும் போகாது. மிளகளவு கலருக்கு மினரல் டர்பன்டைன் 10 சொட்டு கலந்து, போல்ட் தலைகளையும் தகடு இணையும் கோடுகளையும் பிரஷ் நுனியால் தொடுங்கள். தானே ஓடிப் பிடித்துக்கொள்ளும். வழிசலுக்குக் கலக்காத கலரில் ஊசிமுனைப் புள்ளி வைத்து, 15 நிமிடம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஈரம் அதிகமிருந்தால் கோடு முழுதாக அழிந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் தின்னர் என்று மட்டும் கேட்டால் என்.சி. தின்னரைக் கொடுத்துவிடலாம், அது பெயிண்டோடு பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். மினரல் டர்பன்டைன் என்றே கேட்டு வாங்குங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். 48 மணி நேரம் தொடக்கூடாது. மழைக்காலத்தில் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிக்காரர்கள் வழுக்கி விழும் இடம் கடைசியாகப் பூசும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். காற்றில் ஈரம் மிகுந்த நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளைப் பனி படர்ந்தது போல ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரேயைத் தொடாமல் இருப்பதே நல்லது. பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட் போதும். சித்திரை, வைகாசியில் கடல்காற்று ஏறுவதற்கு முன், முற்பகலில், நிழலில் 20–25 செ.மீ. தள்ளி அடிக்கலாம். உச்சி வெயிலில் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனால் வார்னிஷ் காற்றிலேயே காய்ந்து ரவை மாதிரி ஒட்டும். ஏற்கெனவே பனி படர்ந்துவிட்டதா? கிளாஸ் வார்னிஷை பிரஷ்ஷால் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காய்ந்ததும் நல்ல நாள் பார்த்து மேட் அடியுங்கள்.

புழுதிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணை வெயிலில் காயவைத்து, பொடித்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தால் கிடைக்கும் மாவு அருமையான பிக்மென்ட். உலர்ந்த பிரஷ்ஷில் எடுத்துச் சக்கரத்துக்கு மேல் தட்டினால் புழுதி. மேட் வார்னிஷோடு சம அளவு குழைத்தால் சேறு. ஆட்டத்தில் கை படும் மினியேச்சருக்குச் சேறுதான் நிற்கும், தட்டிய புழுதி நாலு ஆட்டத்தில் போய்விடும். மினியேச்சர் நிற்கும் அடித்தட்டுக்குக் கடற்கரை மணல் போடுவதானால் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசிக் காயவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துப் பசையையும் பெயிண்டையும் உரித்துவிடும்.