ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டாளிகள் ஒதுக்கினால் என்ன செய்வது?

சின்ன வகுப்பில் சண்டை வந்தால் காய் விடுவார்கள், மறுநாளே பழம் விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பில் கதையே வேறு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பிட உட்காரப் போனால் "இங்க ஆள் வருது" என்பார்கள், இவள் கிட்டே வந்ததும் பேச்சு நின்றுவிடும், பிறந்தநாளுக்கு எல்லோரையும் கூப்பிட்டு இவளை மட்டும் விட்டுவிடுவார்கள். பையன்கள் என்றால் டீம் பிரிக்கும்போது கடைசி வரை நிற்க வைப்பார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு இதுதான் விஷயம். 11, 12 வயதில் அப்பா அம்மா சொல்வதைவிடக் கூட இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பெரிதாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நிறைய பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளியை விட்டுப் புதுப் பள்ளிக்கு வருவதும், உடம்பு மாறத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-லேயே எழுதியிருக்கிறார்: இந்த வயதுப் பிள்ளைகள், ஊரே தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைவிட, அதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்புதான் அதிகம் வதைக்கும்.

தானாக வந்து சொல்வாள் என்று காத்திருக்காதீர்கள். டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பிடித்த எலுமிச்சை சாதம்கூட அப்படியே திரும்பி வந்தால், சேர்ந்து சாப்பிட ஆள் இல்லையோ என்று யோசியுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, வேனில் போக மாட்டேன் என்ற அடம், ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெயர் பேச்சிலேயே வராமல் போவது, இவையும் கவனிக்க வேண்டியவைதான்.

எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அது விசாரணை. பூண்டு உரிக்கும்போதோ, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ கேளுங்கள், முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் வாய் கொஞ்சம் திறக்கும். "ஏன் டல்லா இருக்க?" என்றால் "ஒண்ணுமில்ல"தான் வரும், "இன்னைக்கு யார் கூட சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல ஆரம்பித்ததும் "அவ கூடச் சேராதன்னு அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதோடு கதவு சாத்திக்கொள்ளும். "நான் கேட்டா மட்டும் போதுமா, ஏதாவது செய்யணுமா?" என்று அவளிடமே விடுங்கள். பெரும்பாலும் கேட்டாலே போதும் என்பாள். அப்புறம், அன்று ராத்திரியே அதை அவள் காதில் விழும்படி சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண்.

ஒதுக்குகிற பெண்ணின் அம்மாவுக்கு உடனே போன் போடாதீர்கள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதவே எழுதாதீர்கள். பிள்ளைகள் அடுத்த வாரம் ஒன்றாகச் சுற்றும், நாம்தான் முறைத்துக்கொண்டு நிற்போம்.

நாம் செய்யக்கூடியது, வகுப்புக்கு வெளியே இன்னொரு கூட்டத்தை ஏற்படுத்திக் கொடுப்பது. சிலம்ப வகுப்போ, கேரம் ஆடும் இடமோ, தெருவில் சைக்கிள் விடும் கும்பலோ, பெரியம்மா பிள்ளைகளோ, எதுவானாலும் சரி. வகுப்புக்குள் ஒரே ஒருத்தி கிடைத்தால்கூடப் பெரிய தெம்பு. வேனில் பக்கத்தில் உட்காருகிறவளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், பஜ்ஜி போட்டு வைத்துவிட்டு அந்த அறையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

நிறம், சாதி, உடம்பைச் சொல்லிக் கேலி, அடி, போட்டோவைக் காட்டி மிரட்டல் என்று போனால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு 2 வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்; பிள்ளையே கூப்பிடக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றே போன் செய்யுங்கள்.

ஒதுக்குகிற கூட்டத்தில் உங்கள் பிள்ளையும் இருக்கலாம், அதை ஏற்பதுதான் நமக்குக் கஷ்டம். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இழுத்துப் போனால் வீம்புதான் வளரும். தனியாக இருக்கும்போது, சின்னதாக ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த புராஜெக்டுக்கு ஆள் சேர்க்கும்போது அந்தப் பெண்ணை முதலில் கூப்பிடச் சொல்லுங்கள். சாயங்காலம் கூப்பிட்டாளா என்று மறக்காமல் கேளுங்கள்.