மூன்று ஏக்கருக்குப் பழைய டிராக்டர்: எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

சிறு நிலத்துக்கு 30 முதல் 40 குதிரைத்திறன் போதும். என் முதல் தேர்வு மாஸி ஃபெர்குசன் 1035, அடுத்தது மஹிந்திரா 265. இரண்டும் மூன்று சிலிண்டர். உதிரிபாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் பக்கத்து ஊரிலேயே கிடைப்பார்கள். மலிவாக வருகிறதே என்று உங்கள் வட்டாரத்தில் ஓடாத வண்டியைத் தொடாதீர்கள்.

முதலில் எஞ்சின். பார்க்கப் போகும் நாளில் அதை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பிடிக்க வேண்டும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று கிளம்பினால் எஞ்சினுக்குள் இருக்கும் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன.

அடுத்து, வண்டி என்ன வேலை பார்த்தது என்று கண்டுபிடியுங்கள். டிரெய்லர் மாட்டும் துளை வட்டம் குலைந்து நீண்டிருந்தால், உழவைவிடப் பாரம் இழுத்ததே அதிகம்; கிளட்சைக் கவனியுங்கள். நெல் வயலில் இரும்புச் சக்கரம் போட்டுச் சேறடித்த வண்டி என்றால் பின்பக்க ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. மாஸியில் கியருக்கும் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் என்பதால் இரண்டுமே கெடும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஹைட்ராலிக்தான். வெறும் லிஃப்ட் மேலே ஏறுவதைப் பார்த்து யாரும் திருப்திப்படக் கூடாது. ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி அரை மணி நேரமாவது உழச் சொல்லுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் உள்கசிவு தெரியாது. சூடேறி இளகிய பிறகுதான் பம்ப்பின் நிலையும் லிஃப்ட் சிலிண்டரின் நிலையும் வெளிப்படும். பிறகு கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடங்களிலேயே கொழு மண்ணைத் தொட்டால் பழுதுச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். தூக்கிய கலப்பையின் கீழே மட்டும் யாரும் கை, கால் வைக்கக் கூடாது.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்ப்பது, கியர் நழுவுகிறதா என்று மேட்டில் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. பெயின்ட் பளபளப்புக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: கடன் முடிந்த வண்டிதான், ஆனாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தடையில்லாச் சான்றும் வங்கியின் பெயரை நீக்குவதற்காக வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. 15 ஆண்டு தாண்டிய வண்டியென்றால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும்.