பண்டிகைப் பரிசுகளைச் சிறு வணிகர்களிடம் வாங்குவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சிறு வணிகர்களை ஆதரிக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆனாலும் பண்டிகைக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால், பெரும்பாலோர் பரிசுகள் அனைத்தையும் ஏதேனும் ஒரு பெரிய இணைய அங்காடியிலேயே வாங்கி முடித்துவிடுகிறார்கள். மனம் இல்லாததால் அல்ல, நாள் இல்லாததால்தான் அப்படி நேர்கிறது. பெரிய நிறுவனத்தின் கிடங்கில் பொருள் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருக்கும். ஒருவரோ இருவரோ நடத்தும் பட்டறையிலோ, பல வேளைகளில் ஆர்டர் வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. எனவே கீழே உள்ள படிகளில் முதலாவதைத் தவறவிட்டால், மற்றவற்றால் பெரிய பயன் இராது.

படி 1: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பரிசு கையில் கிடைக்க வேண்டிய நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கூரியருக்கு ஆகும் நாட்களைக் கழியுங்கள். பண்டிகைக் காலத்தில் பார்சல்கள் தேங்குவது இயல்பு என்பதால், வழக்கத்தைவிடச் சில நாட்களைக் கூடுதலாகவே கழிப்பது நல்லது. பிறகு பொருளைச் செய்வதற்கான நாட்களையும், பொருள் சேதமடைந்து வந்தால் மாற்றி வாங்குவதற்கான ஒரு வாரத்தையும் கழித்தால், ஆர்டர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் தெரிந்துவிடும். பெயர் பொறித்தல், அளவெடுத்துத் தைத்தல் போன்ற வேலைகள் இருந்தால், ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குவது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

படி 2: எதைச் சிறு வணிகரிடம் வாங்குவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

யாருக்குப் பரிசு, அவருக்கு எது பிடிக்கும், எவ்வளவு செலவிடலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலில் உள்ள அனைத்தையும் சிறு வணிகரிடமே வாங்கியாக வேண்டும் என்ற உறுதிமொழி தேவையில்லை. மெமரி கார்டு, சார்ஜர் போன்று ஆலையில் ஒரே மாதிரியாகத் தயாராகும் பொருள்களில் சிறு கடைக்காரர் கூடுதலாகத் தரக்கூடியது குறைவு. மண்பாண்டம், மர வேலைப்பாடு, கைத்தறி, நகை, சோப்பு, ஓவியம் போன்றவற்றிலோ செய்பவரின் கைத்திறனே பொருளின் மதிப்பாகிறது. புத்தகம், இசைக்கருவி, செடி ஆகியவற்றில், இன்னாருக்கு இது பொருந்தும் என்று எடுத்துச் சொல்லும் கடைக்காரரின் அறிவும் அதே அளவு மதிப்புடையது. உங்கள் பணத்தை இத்தகைய இடங்களில் குவியுங்கள்.

படி 3: தேடுங்கள், பிறகு சரிபாருங்கள்

தேடுவது எளிது. நண்பர் வீட்டில் கண்ட ஒரு பொருளை எங்கே வாங்கினார்கள் என்று கேட்பது, கைவினைக் கண்காட்சிகளுக்குச் செல்வது, இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்ப்பது ஆகியவையே போதும். 2010 முதல் அமெரிக்காவில், நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) என்ற பண்டிகைக்கு அடுத்து வரும் சனிக்கிழமை சிறு வணிகங்களுக்கான நாளாகக் கொண்டாடப்படுகிறது. இத்தகைய நாட்களையொட்டிப் பல ஊர்களில் வெளியாகும் கடைப் பட்டியல்களும் உதவும். அந்த நாளைத் தொடங்கியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கார்டு நிறுவனம் என்பது சற்று வேடிக்கைதான். கார்டு வழியே நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டணம் செலுத்துபவர் கடைக்காரர் அல்லவா!

கவனம் தேவைப்படுவது சரிபார்ப்பதில்தான். வேறெங்கோ மொத்தமாகத் தயாரான பொருளைக் கையால் செய்தது என்று கூறி விற்கும் பக்கங்கள் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உள்ளன. பொருளின் படத்தைச் சேமித்து, கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல் வசதியில் இட்டுப் பாருங்கள். அதே படம் பல கடைகளில், பல பெயர்களில் காணப்பட்டால் விலகிவிடலாம். வேலை நடக்கும் படங்கள், அரைகுறையாக முடிந்த பொருள்களின் படங்கள், செய்பவரின் கைகள் தெரியும் காணொளிகள் ஆகியவை இருந்தால் நம்பிக்கை கூடும். நூற்றுக்கணக்கான வகைகள், ஒவ்வொன்றிலும் எல்லா நிறங்களும் எல்லா அளவுகளும் எப்போதும் இருப்பில் உள்ளன என்று ஒரு தனிக் கைவினைஞரின் பக்கம் சொல்லுமானால், கொஞ்சம் சந்தேகப்படுவதில் தவறில்லை. முகவரி, தொடர்பு எண், பொருளைத் திருப்பித் தருவதற்கான விதிகள் ஆகியவை தெளிவாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

படி 4: இயன்றவரை நேரடியாக வாங்குங்கள்

நீங்கள் செலுத்தும் பணத்தில் எவ்வளவு வணிகரிடம் சேர்கிறது என்பதை இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. பல வணிகர்கள் தங்கள் கைவினைப் பொருள்களை விற்கும் சந்தைத் தளமாக 2005இல் தொடங்கப்பட்ட எட்சியை (Etsy) எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விற்பனையிலும் அது எடுக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது; அதை எதிர்த்து விற்பனையாளர்களில் ஒரு பகுதியினர் தங்கள் கடைகளை ஒரு வாரம் மூடி வைத்தனர். இந்தக் கட்டணம் பொருளின் விலைக்கு மட்டுமன்றி, வாங்குபவர் செலுத்தும் அஞ்சல் செலவுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. தளம் வெளியிடங்களில் செய்யும் விளம்பரத்தைச் சொடுக்கி வாடிக்கையாளர் வந்திருந்தால், விற்பனையில் 12 அல்லது 15 சதவீதம் வரை விளம்பரக் கட்டணமாகவும் கழிக்கப்படலாம்.

ஆகவே வணிகருக்குச் சொந்த இணையதளமோ கடையோ இருந்தால், அங்கே சென்று வாங்குங்கள். அதே வேளையில், சந்தைத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே அறிமுகமாகிவிட்டு, பணத்தை மட்டும் வெளியே அனுப்புகிறேன் என்று கேட்காதீர்கள். பெரும்பாலான தளங்கள் அதைத் தடை செய்திருப்பதால் வணிகரின் கணக்கு முடக்கப்படலாம். உங்களுக்கும் தளம் தரும் பாதுகாப்பு கிடைக்காமல் போகும். முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் முதன்முறை வாங்கும்போது, அந்தக் கட்டணத்தைப் பொறுத்துக்கொண்டு தளத்தின் வழியே வாங்குவதே விவேகம்.

படி 5: ஒரே செய்தியில் எல்லாவற்றையும் கேளுங்கள்

வேலை செய்பவரும் பதில் எழுதுபவரும் ஒருவரே என்பதால், துண்டு துண்டாக அனுப்பப்படும் கேள்விகள் அவருடைய நேரத்தைத் தின்றுவிடும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். தங்கள் பக்கத்தில் உள்ள நீல நிறக் குவளையில் இரண்டு வேண்டும். அடியில் ஒரு பெயர் பொறித்துத் தர முடியுமா? அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். அஞ்சல் செலவு உட்பட மொத்தம் எவ்வளவு ஆகும்? முன்பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும்? வழியில் உடைந்துவிட்டால் மாற்றித் தருவீர்களா?"

பொறிக்க வேண்டிய பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பி, அதை அவர் திருப்பி எழுதி உறுதிசெய்யும்படி கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் கூறாமலேயே திருப்பித் தர 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் ஒருவருக்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு அந்த உரிமை அங்கேகூடப் பொருந்தாது.

படி 6: பேரம், பணம்

கையால் செய்த பொருளின் விலையை ஆலைப் பொருளின் விலையுடன் ஒப்பிட்டுக் குறைக்கச் சொல்லாதீர்கள். பல பரிசுகளை ஒரே இடத்தில் வாங்குவதாக இருந்தால், சலுகை உண்டா என்று ஒருமுறை கேட்பதில் தவறில்லை. முன்பணத்தைச் சொன்ன நாளில் அனுப்பிவிடுங்கள்; மூலப்பொருள் வாங்குவதற்கு அவர் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருப்பார்.

படி 7: நாள் தவறிவிட்டால்

பரிசுக் கூப்பன் வாங்குங்கள். பொருளைத் தருவதற்கு முன்பே பணம் கையில் கிடைப்பதால் வணிகருக்கு அது வட்டியில்லாக் கடன் போலப் பயன்படுகிறது. பண்டிகை முடிந்த மந்தமான வாரங்களில் ஒரு வேலையும் உறுதியாகிறது. ஆனால் கடை மூடப்பட்டால் கூப்பன் பெரும்பாலும் செல்லாக் காசாகிவிடும் என்பதால், பரிசு பெறுபவரிடம் அதை விரைவில் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

படி 8: பொருள் வந்த பிறகு

பார்சலைப் பண்டிகை நாள் வரை திறக்காமல் வைத்திராமல், வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால், படத்துடன் நான்கு வரி மதிப்புரை எழுதுங்கள். "அருமை" என்ற ஒற்றைச் சொல்லைவிட, எத்தனை நாளில் வந்தது, எப்படிப் பொதியப்பட்டிருந்தது என்ற விவரங்களே அடுத்து வாங்குபவருக்குப் பயன்படும். குறை இருந்தால், ஒற்றை நட்சத்திரம் இடுவதற்கு முன் படமெடுத்து வணிகருக்கே அனுப்புங்கள். வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் உண்டு. ஆனால் அந்த முறையீட்டுக்காக வணிகரிடம் பெரும்பாலும் தனிக் கட்டணம் பிடிக்கப்படுகிறது. ஆகவே நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் பதில் தராவிட்டால் மட்டும் அந்த வழிக்குச் செல்லுங்கள். வங்கியின் கால வரம்பு முடிவதற்குள் சென்றுவிடுங்கள்.