கந்தகமும் ஃபுளூரினும்: வழக்கமாக நடக்கும் தப்புகள்

சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு (ஒரு கந்தக அணுவோடு ஆறு ஃபுளூரின் அணுக்கள் சேர்ந்தது, SF6) என்றதும் "எதோடும் வினைபுரியாத வாயு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பாதித் தவறுகளுக்கு அந்த வரிதான் காரணம்.

தயாரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் ஆன்ரி முவாசானும் பால் லெபோவும் 1901-ல் செய்த மாதிரி, இன்றும் கந்தகத்தை ஃபுளூரினில் எரித்துத்தான் இதைச் செய்கிறார்கள். சமன்பாட்டில் ஒரே விளைபொருள்தான் இருக்கும். உண்மையில் கூடவே சல்பர் டெட்ராஃபுளோரைடும் (SF4) டைசல்பர் டெக்காஃபுளோரைடும் (S2F10) வரும். இரண்டாவது கொடிய நஞ்சு. அதனால் வாயுவை முதலில் சுமார் 400 டிகிரி செல்சியஸில் சூடாக்குகிறார்கள். அப்புறம்தான் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் கழுவுகிறார்கள். விடைத்தாளில் இந்த வரிசையை மாற்றி எழுதுபவர்கள் உண்டு. டெக்காஃபுளோரைடு சிதையும்போது மறுபடியும் டெட்ராஃபுளோரைடு உண்டாகும், அதையும் சேர்த்து நீக்கத்தான் கழுவுவதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

"பிணைப்பு உறுதியானது, அதனால் நீர் ஒன்றும் செய்யாது" என்பதும் அரைகுறை விளக்கம்தான். ஆற்றல் கணக்குப்படி நீராற்பகுப்பு, அதாவது நீர் அதை உடைப்பது, தாராளமாக நடக்கலாம். ஆனால் ஆறு ஃபுளூரினும் எண்முகியாக (எட்டு முகமுள்ள வடிவில்) எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்பதால் நீர் மூலக்கூறு கந்தகத்தை நெருங்க வழியில்லை. டெட்ராஃபுளோரைடில் அந்த வழி திறந்திருக்கிறது. நான்கு ஃபுளூரின் என்பதால் அதை நான்முகி என்று எழுதாதீர்கள். கந்தகத்தில் பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இணை ஒன்று இருப்பதால் அதன் வடிவம் சீசா பலகை. ஈரக்காற்று பட்டாலே சல்பர் டைஆக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் தரும். சல்பர் டைகுளோரைடையும் சோடியம் ஃபுளோரைடையும் அசிட்டோநைட்ரைலில் சூடாக்கி அதைத் தயாரிக்கும்போது, சரியாக உலராத கண்ணாடிக் கலன் ஒன்று போதும்: உண்டாகும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் உள்ளே இறங்கிவிடும்.

மின் துறையில் 'எஸ்.எஃப்.6' என்றால் சர்க்யூட் பிரேக்கர் வாயு. மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் மின்வில்லின் (ஆர்க்) சூட்டில் அதுவும் உடையும். பழுதான பெட்டியைத் திறந்தால் தென்படும் வெண்சாம்பல் தூள் உலோக ஃபுளோரைடு. வெறும் தூசி என்று கையால் துடைக்கக் கூடாது.

சுத்தமான வாயுவுக்கு நஞ்சில்லை, சரி. ஆனால் காற்றைப் போல ஐந்து மடங்கு கனம். கேபிள் பள்ளங்களில் ஓசையில்லாமல் தேங்கி மூச்சை அடைக்கும். குரலைக் கனமாக்க உறிஞ்சிக் காட்டும் விளையாட்டும் இதே காரணத்தால் ஆபத்து. வேலை முடிந்ததும் வாயுவை வெளிக்காற்றில் திறந்துவிடுவதும் தவறு. புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் இதன் ஒரு கிலோ, 20 டன்னுக்கும் அதிகமான கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். மீட்புக் கருவியால் சிலிண்டருக்கே திரும்ப இழுத்துவிட வேண்டும்.