மேசை வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

வீட்டிலிருந்தே வேலை என்று முடிவானதும் முதலில் மேசை வாங்கினேன். அங்கேயே தவறு தொடங்கிவிட்டது. தென்னந்தோப்பு தெரிகிற மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே அதைப் போட்டேன். மே மாதம் முழுக்க மூன்று மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடித்தது. கண் கூசி, திரையில் எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தது. சாரல் விசைப்பலகையை நனைத்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திரும்பி உட்கார்ந்தால் ஜன்னல் முழுவதும் திரைக்குள் தெரிந்தது. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பிய பிறகுதான் தொல்லை தீர்ந்தது.

சுவரோடு ஒட்டிப் போடுவதும் தவறுதான். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். வெளிச்சுவர் காயவே நேரம் இருக்காது. மரத்தூள் பலகை மேசையென்றால் ஓரம் உப்பி உதிரும். சுவரலமாரியில் அடுக்கிய காகிதத்தில் பூஞ்சை பூக்கும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு: வேலை முடிந்ததும் கணினியை மூடி வைக்காவிட்டால் இணைப்புத் துளைகளில் துரு ஏறும்.

மின்சார விஷயத்தில்தான் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து இன்னொன்று, அதில் கணினியோடு தேய்ப்புப் பெட்டியும். வயர் சூடேறித் தீப்பிடிக்க இது போதும். ஐப்பசி மாலைகளில் இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பிளக்கையே பிடுங்க வேண்டும், அதுவும் இடி நெருங்கும் முன்பே. இணையத்துக்குக் கண்ணாடி இழை வந்திருந்தால் அதன் வழியாக மின்சாரம் பாயாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாகப் பாயும். என் மோடம் ஒன்று அப்படித்தான் கருகியது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்: மோடம் செருகியிருக்கும் பிளக்குக்கு அந்த இணைப்பு இல்லையென்றால், கரண்ட் போன மறுநொடி இணையமும் போகும். அந்த மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, அடுத்த அறையில் சிக்னல் இல்லை என்று புலம்புவதும் வழக்கம். இரும்பு அலையை மறித்துவிடும்.

சாப்பாட்டு நாற்காலியில் நாள் முழுக்க உட்காராதீர்கள், இடுப்பு சொல்லிவிடும். மடிக்கணினியைக் குனிந்தே பார்த்தால் கழுத்து பிடிக்கும். நாலு தடித்த புத்தகத்தை அடியில் வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மேசை வாங்குவதையும் தவறுக் கணக்கில் சேர்க்கிறேன். காலியிடத்தை வீட்டார் விட்டுவைக்க மாட்டார்கள். வானம் மூடியிருந்த ஒரு நாள், ஒரு கூட்டத்தின் நடுவில் அம்மா நல்லமிளகு பரப்பிய சுளவைக் கொண்டுவந்து என் மேசையின் பாதியில் வைத்தார். "மின்விசிறிக் காற்று இங்கேதான் நன்றாக வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். மிளகு காயும் வரை நான் மீதிப் பாதியில்தான் வேலை பார்த்தேன்.