தூங்குகிற கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்குவது எப்படி

ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓட வேண்டும் என்பதற்காக கம்ப்யூட்டரை விடிய விடிய ஆன் செய்தே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையே இல்லை. ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம், சொன்ன நேரத்துக்கு அதுவே எழுந்து வேலையைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஆனால் எழுப்புவது இதில் சின்ன வேலை. எழுந்த பிறகு வேலை முடிகிறவரை அதைக் கண் மூடவிடாமல் வைத்திருப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். நானும் விட்டேன், அந்தக் கதை கொஞ்சம் கீழே வருகிறது.

முதலில் எந்தத் தூக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பில் ரேமுக்கு (ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், திறந்து வைத்ததெல்லாம் அப்படியே இருக்கும். ஹைபர்னேட்டில் ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு இயந்திரம் அணைந்துவிடும். எதுவானாலும் மதர்போர்டில் இருக்கிற சின்னக் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும், தூங்கப்போகும் முன் விண்டோஸ் அதனிடம் இத்தனை மணிக்கு எழுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான் விஷயம். ஷட் டவுன் செய்துவிட்டால் இந்த ஏற்பாடு செல்லாது. முழுக்க அணைந்த கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆக வேண்டுமென்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்பும் முன் வருகிற மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ஆர்டிசி அலாரம், அதாவது அந்தச் சின்னக் கடிகாரத்தின் அலாரம், மாதிரி ஒரு வசதி இருக்கிறதா என்று தேட வேண்டும், பல டெஸ்க்டாப்புகளில் இருக்கும்.

உங்கள் இயந்திரத்தில் என்ன தூக்கம் இருக்கிறது என்று அறிய கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டுகிற விண்டோஸின் கறுப்பு ஜன்னல்) பவர்சிஎஃப்ஜி /ஏ என்று கொடுங்கள் (கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே உச்சரிப்பு மட்டும்). எஸ்3 என்று வந்தால் நல்லது, பழைய பாணி ஸ்லீப், நம்பலாம். எஸ்0 லோ பவர் ஐடில் என்று வந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை, போன் மாதிரி அரைத்தூக்கம். அதன் நடத்தை லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும், சார்ஜரில் செருகி ஓரிரு நாள் சோதித்த பிறகு நம்புங்கள்.

சரி, விண்டோஸில் அலாரம் வைப்போம். வேலைகளுக்கு நேரம் குறித்து வைக்கிற விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து கிரியேட் டாஸ்க் என்பதை எடுங்கள். கிரியேட் பேசிக் டாஸ்க் என்பது கைக்கு எளிதாக இருந்தாலும் நமக்கு வேண்டிய டிக் அதன் படிகளில் வராது. ஜெனரல் பக்கத்தில், நீங்கள் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்கிற தேர்வைப் போடுங்கள். அது பாஸ்வேர்டு கேட்கும், தினமும் திறக்கப் பயன்படுத்துகிற பின் எண் அங்கே செல்லாது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்டே வேண்டும். அதைப் பிறகு எப்போதாவது மாற்றினால் டாஸ்க் சத்தமில்லாமல் படுத்துவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். ட்ரிகர்ஸில் நேரம், ஆக்‌ஷன்ஸில் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு). அங்கே ஸ்டார்ட் இன் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் ஃபோல்டரின் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் கொடுங்கள். குறி போட்டால் டாஸ்க் கிளம்பாது, ஏன் கிளம்பவில்லை என்று புரிவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

முக்கியமானது கண்டிஷன்ஸ் பக்கம். வேக் தி கம்ப்யூட்டர் டு ரன் திஸ் டாஸ்க் என்பதற்கு டிக் போடுங்கள். அதற்கு மேலேயே சார்ஜரில் இருந்தால் மட்டும் தொடங்கு என்று ஒன்று முன்கூட்டியே டிக் ஆகி இருக்கும், லேப்டாப்பாக இருந்தால் அதை அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை, பவர் ஆப்ஷன்ஸும் சம்மதிக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் நீங்கள் பயன்படுத்துகிற பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குப் போய், ஸ்லீப் என்பதன் கீழ் அலவ் வேக் டைமர்ஸ் இருக்கும். பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று. சார்ஜருக்கானது எனேபிள் என்று இருக்க வேண்டும். இம்பார்ட்டண்ட் வேக் டைமர்ஸ் ஒன்லி என்று இருந்தால், எது முக்கியம் என்று விண்டோஸ்தான் முடிவு செய்யும், உங்கள் பேக்கப் அந்தப் பட்டியலில் வராது.

இப்போது அந்தக் கதை. எல்லாம் சரியாக வைத்தாகிவிட்டது, வெளி டிஸ்குக்கு நகல் எடுக்கிற ஸ்கிரிப்ட், ஓடி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ராத்திரி 2 மணிக்குத் தொடங்கியதாக டாஸ்க் ஹிஸ்டரியும் சொல்கிறது. ஆனால் தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் அரை மணி நேரம் டிஸ்க் கடகடவென்று ஓடும், எல்லாம் மந்தமாக இருக்கும். டிஸ்க் பழசாகிவிட்டது என்று புதிதே வாங்கப் போனேன். அப்புறம்தான் ஹிஸ்டரியில் முடிந்த நேரத்தைப் பார்த்தேன்: காலை 8 மணிக்கு மேல்! ராத்திரி எழுந்த கம்ப்யூட்டர் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி தூங்கிவிட்டது, பாதியில் உறைந்து கிடந்த வேலை நான் வந்து எழுப்பிய பிறகு மிச்சத்தை முடித்திருக்கிறது.

காரணம் இது. ஆள் யாரும் இல்லாமல் அலாரத்தால் எழுந்த கம்ப்யூட்டருக்கு விண்டோஸில் தனியாக ஒரு தூக்கக் கணக்கு உண்டு. பிளானில் 30 நிமிடம் என்று நீங்கள் வைத்திருப்பது அப்போது பொருந்தாது, வழக்கமாக 2 நிமிடம்தான். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டால், ஓடினால் மட்டும் போதாது, நான் வேலையில் இருக்கிறேன், தூங்காதே என்று அந்த புரோகிராம் விண்டோஸிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நல்ல பேக்கப் மென்பொருள்கள் கேட்கும். நாமே எழுதுகிற நான்கு வரி ஸ்கிரிப்ட் கேட்காது. அது தெரியாமல் போனது என் தவறுதான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட் என்கிற அமைப்பை மாற்றுவது. இது பவர் ஆப்ஷன்ஸில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் அதன் ஆட்ரிப்யூட்ஸ் மதிப்பை 2 என்று மாற்றினால் வெளியே தெரியும், பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்துவிடலாம். இன்னொன்று, மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் இருக்கிற, கம்ப்யூட்டரைத் தூங்கவிடாத அவேக் கருவியை உங்கள் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் நேர வரம்போடு கிளப்பிவிடுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், என்ன செய்தோம் என்பது ஸ்கிரிப்டிலேயே தெரியும்.

நெட்வொர்க்கில் இருக்கிற இடத்துக்கு நகல் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் ஒரு வம்பு. லாகின் இல்லாமல் ஓடும் டாஸ்குக்கு நீங்கள் மேப் செய்த டிரைவ் எழுத்து (நெட்வொர்க் ஃபோல்டருக்கு நீங்கள் கொடுத்த இசட் மாதிரி ஒற்றை எழுத்து) தெரியாது, சர்வர் பெயரோடு முழுப் பாதையையும் கொடுங்கள். எழுந்த உடனே வைஃபை தயாராக இருக்காது, ஸ்கிரிப்ட் ஒரு நிமிடம் பொறுத்துத் தொடங்கட்டும்.

சோதிக்கும்போது 2 மணிவரை காத்திருக்காதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி வைத்து, அட்மின் உரிமையோடு பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ் கொடுங்கள், உங்கள் டாஸ்க் பட்டியலில் வர வேண்டும். வராவிட்டால் அலாரமே வைக்கப்படவில்லை. வந்தால் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். திரை இருட்டாகவே இருந்தாலும் பதற வேண்டாம், அலாரத்தில் எழும்போது பெரும்பாலும் திரை வராது, ஃபேன் சத்தத்தையும் விளக்கையும் கவனியுங்கள். பிறகு பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக் கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும். டாஸ்க் ஷெட்யூலரின் லாஸ்ட் ரன் ரிசல்ட்டில் 0எக்ஸ்0 என்றால் ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தது, 0எக்ஸ்41301 என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹிஸ்டரி பக்கம் காலியாக இருந்தால் எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரியைக் கிளிக் செய்யுங்கள், அது தானாக ஆன் ஆகி இருக்காது.

மேக்கில் வழி வேறு, பிரச்சினை அதேதான். வென்ச்சுராவிலிருந்து நேரம் வைக்கிற திரையை எடுத்துவிட்டார்கள், டெர்மினலில் பிஎம்செட் ரிபீட் கட்டளைதான் கதி. அதில் கிழமைகளுக்கு ஒற்றை எழுத்து, வியாழனுக்கு ஆர், ஞாயிறுக்கு யு, செவ்வாயும் சனியும் முதல் எழுத்துகளைப் பிடித்துவிட்டதால். வேலை முடிகிறவரை விழித்திருக்க ஸ்கிரிப்டுக்கு முன்னால் காஃபினேட் போடுங்கள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்.

லினக்ஸில் நேரம் குறித்து வேலை ஓட்டுகிற பழைய கருவியான க்ரான் யாரையும் எழுப்பாது. பல லினக்ஸ்களில் சேவைகளை நிர்வகிக்கிற சிஸ்டம்டியின் டைமரில் வேக்சிஸ்டம் என்பதை ட்ரூ ஆக்குங்கள், பயனர் டைமரில் வேண்டாம், சிஸ்டம் டைமரிலேயே வையுங்கள். அது எழுப்புவதோடு சரி, மறுபடி தூங்கவைக்காது, ஸ்கிரிப்டின் கடைசி வரியில் சஸ்பெண்ட் கட்டளையை நீங்களே சேர்க்க வேண்டும். நடுவில் தூங்காமல் இருக்க சிஸ்டம்டி-இன்ஹிபிட் இருக்கிறது. ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் ஆர்டிசிவேக் போதும், எத்தனை விநாடி கழித்து எழ வேண்டும் என்று சொன்னால் அப்போதே தூங்கப்போய்விடும்.

கடைசியாக லேப்டாப்காரர்களுக்கு. இந்த அலாரத்துக்கு நீங்கள் மூடியை மூடிப் பைக்குள் வைத்திருப்பது தெரியாது. காற்றுப் போகாத இடத்தில் எழுந்து முக்கால் மணி நேரம் ஓடினால் அடுப்பு மாதிரி கொதிக்கும், பேட்டரியும் போகும். பேட்டரிக்கான வேக் டைமர்ஸை டிசேபிள் என்று வைத்துவிடுங்கள், வெளியூர் கிளம்புகிற அன்று டாஸ்கையும் நிறுத்திவிட்டுப் போங்கள்.