பூட்டிய அலமாரியிலிருந்து சான்றிதழ்களை மீட்ட கதை

பெங்களூரு பீனியாவில் நேர்முகத் தேர்வு. வன்பொருள் கடை மாடியில் இரண்டு அறைகள். மின்னியல் படித்த என்னிடம் மோட்டாரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அப்பாவுக்கு என்ன வேலை, சொந்த வீடா என்றுதான் துருவினார்கள். (பெண் பார்க்க வருபவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.) சரிபார்ப்பதாகச் சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு வந்தது பேச்சு: பயிற்சிக்கு ஐம்பதாயிரம் கட்டினால் வேலை உறுதி, சான்றிதழும் திரும்பக் கிடைக்கும்.

அல்சூர் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "காலணா கொடுக்காதே, அங்கேயே இரு" என்றார். அவர் மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி வருவதற்குள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினேன். பதிவான கம்பெனிக்கு 21 இலக்க அடையாளக் குறியீடு இருக்கும். இந்தப் பெயரில் எதுவும் இல்லை. தனிநபர் நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் வராது என்பதால் ஜிஎஸ்டி எண்ணையும் கேட்டேன். பேச்சை மாற்றினார்கள்.

சித்தப்பா வந்து உட்காரக்கூட இல்லை. வெள்ளைத்தாளில் கன்னடத்தில் புகார் எழுதினார்: என்னென்ன சான்றிதழ்கள், யார் வாங்கினார், எவ்வளவு கேட்டார். அதை மேசையில் வைத்து, "சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள், காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும்" என்றார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 173ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்பதையும் நிதானமாகச் சொன்னார். சாவி உடனே கிடைத்தது.

மதிப்பெண் பட்டியல்களை எண்ணிச் சரிபார்த்த பிறகே படி இறங்கினோம். இப்போதெல்லாம் நகல்களைத்தான் கொடுக்கிறேன். அசலை என் கையில் வைத்தே காட்டுகிறேன்.